555 டிம்மர்: மாஸ்ஃபெட் கொதிக்குது, வெளிச்சம் முழுசா வரலை. எங்கே தப்பு?

வயர்_முனை:

வணக்கம். ஃபால்ஸ் சீலிங் ஓரத்துக்கு 5 மீட்டர் எல்இடி ஸ்ட்ரிப். 12 வோல்ட், 5050 வகை, மீட்டருக்கு 60 எல்இடி. 12 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) இருக்கு. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க 555 டைமர் ஐசியில் பிடபிள்யூஎம் (வேகமா எரிய வெச்சு அணைச்சு வெளிச்சத்தை மாத்தற முறை) சர்க்யூட் பிரெட்போர்டில் போட்டிருக்கேன். மைக்ரோகன்ட்ரோலர் வேண்டாம், ஒரு குமிழ் போதும்.

போட்டிருப்பது இதுதான்: என்இ555. 8-ஆம் காலிலிருந்து 7-ஆம் காலுக்கு 1கே (1,000 ஓம்) ரெசிஸ்டர். 7-ஆம் கால் 100கே பாட்டின் (குமிழால் திருகும் மாறு ரெசிஸ்டர்) நடுக்காலுக்கு. பாட்டின் இரண்டு ஓரமும் எதிரெதிர் திசையில் இரண்டு 1என்4148 டயோடு வழியா 2, 6 கால்களுக்கு. அங்கிருந்து கிரவுண்டுக்கு 104 டிஸ்க் செராமிக் கெப்பாசிட்டர் (0.1 மைக்ரோஃபாரட்). 3-ஆம் காலிலிருந்து 10கே வழியா ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட்டின் கேட் (கட்டுப்படுத்தும் கால்). ஐசிக்கு மட்டும் 7805 ரெகுலேட்டர் போட்டு 5 வோல்ட் தனியா கொடுத்திருக்கேன். ஸ்ட்ரிப்பின் பிளஸ் நேரா 12 வோல்ட்டில், மைனஸ் டிரெயினில் (மாஸ்ஃபெட்டில் கரண்ட் நுழையும் கால்; வெளியேறும் கால் சோர்ஸ்).

சிக்கல் நாலு:

சின்ன அலுமினிய ஹீட்சிங்க் மாட்டியும் மாஸ்ஃபெட்டில் விரல் வைக்க முடியலை. குமிழைக் கடைசி வரை திருகினாலும் நேரடி 12 வோல்ட்டில் வர்ற வெளிச்சம் வரலை. மொபைலில் வீடியோ எடுத்தா கறுப்புப் பட்டை ஓடுது. குமிழின் முதல் கால் பங்கிலேயே பாதிக்கு மேல வெளிச்சம் வந்துடுது, மீதித் திருகலுக்கு வேலையே இல்லை.

மல்டிமீட்டர் மட்டும்தான் இருக்கு, ஆசிலோஸ்கோப் இல்லை. ஃபுல்லில் வெச்சு அளந்தா 3-ஆம் காலில் 3.6 வோல்ட், டிரெயின்-சோர்ஸ் நடுவில 1.3 வோல்ட். வேற பெரிய மாஸ்ஃபெட் வாங்கணுமா?


ஓம்_விதி:

வாங்க வேண்டாம் நண்பரே. அளந்து எழுதியிருப்பதிலேயே பதில் இருக்கிறது.

இருபது முப்பது ஆம்பியரை இழுக்கக்கூடிய மாஸ்ஃபெட் அது. ஆனால் கேட்டுக்கு நீங்கள் தருவது 3.6 வோல்ட். என்இ555-இன் வெளியீடு சப்ளை வரை ஏறாது. உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர் சந்திகளைத் தாண்டி வருவதால் சுமார் 1.3 முதல் 1.7 வோல்ட் வரை குறைவாகவே நிற்கும். 5 வோல்ட் கொடுத்தால் 3.6 வருவது அதனால்தான். ஐஆர்எஃப்இசட்44என்-இன் டேட்டாஷீட்டில் கேட் திரெஷோல்டு 2 முதல் 4 வோல்ட் என்று போட்டிருக்கும். பலர் அதைப் பார்த்துவிட்டு "4 வோல்ட் போதும்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண் 250 மைக்ரோஆம்பியர் ஓடத் தொடங்கும் இடம். கதவு லேசாகத் திறக்கும் இடம், முழுசாகத் திறந்த இடம் அல்ல. 17.5 மில்லி ஓம் என்று பெருமையாகப் போட்டிருக்கும் ஆன் ரெசிஸ்டன்ஸ் கேட்டில் 10 வோல்ட் இருக்கும்போது கிடைப்பது.

இப்போது உங்கள் மாஸ்ஃபெட் பாதி திறந்து நிற்கிறது. 1.3 வோல்ட்டை அது தின்கிறது. ஸ்ட்ரிப்பில் மூன்று எல்இடி ஒரு வரிசை, அதோடு ஒரு ரெசிஸ்டர். எல்இடிகளுக்கே 9 வோல்ட்டுக்கு மேல் போய்விடும், ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 3 வோல்ட்டுக்குள்தான். அதில் 1.3 போனால் கரண்ட் பாதிக்குக் கிட்ட விழும். வெளிச்சம் வராததும் சூடும் ஒரே நோய். 2.5 ஆம்பியர் ஓடினாலே 1.3-ஆல் பெருக்க 3 வாட்டுக்கு மேல். அந்தச் சின்ன ஹீட்சிங்கில் விரல் வைக்க முடியாதுதான்.

7805-ஐக் கழற்றி எறியுங்கள். என்இ555 4.5 முதல் 16 வோல்ட் வரை தாங்கும். அதே 12 வோல்ட்டையே கொடுத்தால் கேட்டில் 10 வோல்ட் பக்கம் வரும். அப்போது 4.5 ஆம்பியர் ஓடினாலும் டிரெயின்-சோர்ஸ் 0.08 வோல்ட், சூடு 0.35 வாட். ஹீட்சிங்க்கே தேவைப்படாது, டிஓ-220 உடம்பு தனியாக நின்றால் வாட்டுக்குச் சுமார் 62 டிகிரி ஏறும், ஆக 22 டிகிரி. கை வைத்தால் வெதுவெதுப்பு.

அடுத்தது அந்த 10கே. ஏதோ படத்தில் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் போட்டிருந்த 10கே-யை நீங்கள் 3-ஆம் காலுக்கும் கேட்டுக்கும் நடுவில் போட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அடிக்கடி நடக்கும் இடமாற்றம். கேட் என்பது ஒரு கெப்பாசிட்டர். இந்த மாஸ்ஃபெட்டில் 1,470 பிக்கோஃபாரட். 10கே வழியாக நிரப்பினால் 15 மைக்ரோ செகண்டு காலமாறிலி, அதாவது பெரும்பகுதி நிரம்பவே அவ்வளவு நேரம். குறைந்த வெளிச்சத்தில் துடிப்பே சில மைக்ரோ செகண்டுதான் என்றால், கேட் நிமிர்வதற்குள் துடிப்பு முடிந்திருக்கும். தொடர் ரெசிஸ்டர் 100 ஓம் போடுங்கள். 10கே-யைக் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில், அது இருக்க வேண்டிய இடத்தில், போடுங்கள். ஐசி கழன்றாலோ ஒயர் விட்டாலோ கேட் அந்தரத்தில் தொங்கி ஸ்ட்ரிப் தானாக எரியாமல் இருக்க அது வேண்டும்.

கறுப்புப் பட்டை அலைவெண் சங்கதி. கெப்பாசிட்டரை 104-இலிருந்து 472-க்கு (4.7 நானோஃபாரட்) மாற்றுங்கள். 1.44-ஐ மொத்த ரெசிஸ்டன்ஸ், கெப்பாசிட்டன்ஸ் பெருக்கத்தால் வகுத்தால் 3 கிலோஹெர்ட்ஸ். டிஸ்க் செராமிக் வேண்டாம், சூட்டுக்கும் வோல்டேஜுக்கும் அதன் மதிப்பு நழுவும். பச்சை மைலார் போடுங்கள்.

4-ஆம் காலை 8-உடன் சேர்த்தீர்களா, 5-இலிருந்து கிரவுண்டுக்கு 103 கெப்பாசிட்டர் போட்டீர்களா என்று எழுதவில்லை. இரண்டும் வேண்டும்.


நானோ_பிரியன்:

இவ்ளோ எதுக்கு ப்ரோ? ஒரு ஆர்டுயினோ நானோ, ஒரு பாட், பத்து வரி கோடு. முடிஞ்சது. அனலாக்ரைட் போட்டா பிடபிள்யூஎம் தானா வரும்.


சோல்டர்_புகை:

நானோ தப்பில்லை தம்பி, ஆனா அவர் மைக்ரோகன்ட்ரோலர் வேண்டாம்னு முதல்லயே சொல்லிட்டார். அதோட அனலாக்ரைட்டை அப்படியே போட்டா 490 ஹெர்ட்ஸ் (5, 6 பின்னில் மட்டும் 980). மொபைல் பட்டை அதிலும் வரும். 8 பிட் என்பதால மொத்தம் 255 படி. அடியில் 1-இலிருந்து 2-க்குப் போகும்போது வெளிச்சம் ஒரேயடியா இரட்டிப்பாகும், கண்ணுக்குப் படிக்கட்டு மாதிரி தெரியும். ஒழுங்காச் செய்யணும்னா 16 பிட் உள்ள டைமர் 1-ஐ நேரடியா எழுதி, 9 அல்லது 10-ஆம் பின்னில் எடுக்கணும். 16 மெகாஹெர்ட்ஸில் 5,333 எண்ணினா 3 கிலோஹெர்ட்ஸ், படியும் 5,333 கிடைக்கும். கேட்டுக்கு 5 வோல்ட்தான் வரும் என்பதால ஐஆர்எஃப்இசட் கூடாது, ஐஆர்எல்இசட்44என் வேணும். நடுவில் 'எல்' இருக்கா என்று உடம்பில் அச்சடிச்சதைப் படிச்சு வாங்கணும். கடையில் "44" என்று மட்டும் கேட்டா கைக்கு வர்றது எதுவாகவும் இருக்கும்.

இனி 555-க்கு வர்றேன். ஓம்_விதி அண்ணன் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். 1.44 சூத்திரம் டயோடு இல்லாத சர்க்யூட்டுக்கு. இங்கே ஏறும்போதும் இறங்கும்போதும் டயோடு 0.6 வோல்ட் தின்னும். 12 வோல்ட் சப்ளையில் கெப்பாசிட்டர் 4-இலிருந்து 8 வோல்ட்டுக்கு ஏறணும், ஆனா இழுக்கறது 12 இல்லை, 11.4. 7.4-ஐ 3.4-ஆல் வகுத்து லாக் எடுத்தா 0.778. சூத்திரம் நினைக்கிற 0.693 இல்லை. இறங்கும்போதும் அதே கணக்கு. ஆக 472 போட்டா 3 கிலோ வராது, 2.7 பக்கம்தான் நிற்கும். 332 (3.3 நானோஃபாரட்) போட்டா 3.8 கிலோஹெர்ட்ஸ். 5 வோல்ட்டில் இந்தப் பிழை இன்னும் பெருசு: 0.94 ஆகிடும். அதனாலதான் 104 போட்டு 143 ஹெர்ட்ஸ் வரும்னு காகிதத்தில் இருந்தாலும், இப்ப ஓடிட்டிருக்கறது 105 பக்கம். கண்ணை வேகமா ஓட்டினாலே தெரியும் துடிப்பு அது.

3 கிலோ எதுக்குன்னு கேட்டா: ஐஇஇஇ (மின்பொறியாளர்கள் அமைப்பு) 1789-2015 பரிந்துரைப்படி, முழுசா அணைஞ்சு முழுசா எரியற விளக்குக்கு 1,250 ஹெர்ட்ஸுக்கு மேல ஆபத்து குறைவு, 3,000-க்கு மேல பாதிப்பே தெரியாத எல்லை. அதனால 332. பாட்களின் மதிப்பு 20 சதவீதம் முன்னபின்ன இருக்கும், அதுக்கும் இடம் விட்ட மாதிரி ஆச்சு. 10 கிலோவுக்கு மேல தூக்கிட்டுப் போகாதீங்க, அடியில் 1 சதவீதத் துடிப்பு ஒரு மைக்ரோ செகண்டுக்குள்ள போயிடும், 555-ஆல அதை ஒழுங்காப் போட முடியாது.

இன்னொரு ஓட்டை. பாட்டை ஒரு கடைசியில் திருகினா 7-ஆம் கால் ரெசிஸ்டர் எதுவும் இல்லாம டயோடு வழியா கெப்பாசிட்டரை நேரா கிரவுண்டில் இறக்குது. இறங்கற பக்க டயோடோட தொடர்ச்சியா ஒரு 1கே போடுங்க. அப்ப ஏறும் பக்கம் குறைஞ்சது 1கே (8-க்கும் 7-க்கும் நடுவில் இருக்கறது), இறங்கும் பக்கம் குறைஞ்சது 1கே, மொத்தம் 102கே. டியூட்டி (ஒரு சுற்றில் எரியற நேரத்தோட பங்கு) 1-இலிருந்து 99 சதவீதம்.

டயோடு திசை: பாட்டின் இடது ஓரக்காலில் ஆனோடு, கோடு போட்ட முனை 2, 6 கால்களுக்கு, இது ஏறும் பக்கம். வலது ஓரக்காலிலிருந்து 1கே, அதன் மறுமுனையில் இரண்டாவது டயோடோட கோடு போட்ட முனை, ஆனோடு 2, 6-க்கு. குமிழ் தண்டு உங்களைப் பார்த்து, கால்கள் கீழே இருக்கும்போது சொல்ற இடது வலது.

இப்ப நாலாவது சிக்கல், முதல் கால் பங்கில் எல்லா வெளிச்சமும் வர்றது. சர்க்யூட் தப்பில்லை, கண்ணு அப்படி. வெளிச்சத்தைக் கண் நேர்கோட்டில் பார்க்காது, கிட்டத்தட்ட மூன்றாம் படி மூலத்தில்தான் பார்க்கும். சிஐஇ (சர்வதேச ஒளியூட்டல் ஆணையம்) ஒளிர்வுச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தா 18 சதவீத டியூட்டியே கண்ணுக்கு "பாதி". 25 சதவீதம் 57 ஆகத் தெரியும். 50 சதவீதம் 76. உங்க குமிழில் மேல் பாதி முழுக்க 76-இலிருந்து 100-க்கு நகருது, அவ்ளோதான்.

மருந்து சின்னச் செலவுதான். இப்ப இருக்கறது பி100கே-ன்னு அச்சடிச்ச லீனியர் பாட்டா இருக்கும். ஏ100கே கேளுங்க, ஆம்ப்ளிஃபயர் வால்யூமுக்குப் போடற லாக் பாட். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆடியோ சாமான் விக்கற எந்தக் கடையிலும் "வால்யூம் 100கே ஏ" என்றால் எடுத்துக் கொடுப்பாங்க. நடுவில் நிறுத்தினா 10 இலிருந்து 15 சதவீதம்தான் இருக்கும். இந்த சர்க்யூட்டின் அழகே, நடுக்கால் எங்கே நின்னாலும் மொத்தம் 100கே மாறாது, அதனால அலைவெண்ணும் மாறாது. டியூட்டி மட்டும் லாக் வளைவில் போகும். ஆனா மேலே சொன்ன இடது வலதை மாத்திப் போட்டுட்டா வளைவு தலைகீழாகி இப்ப இருக்கறதைவிட மோசமா இருக்கும். ஆனா வளைவு மோசமா இருக்குன்னதும் ஓரக்கால் இரண்டையும் மாத்தி சோல்டர் பண்ணிடாதீங்க. குமிழ் எதிர்ப்பக்கம் வேலை செய்யுதான்னு முதல்ல பாருங்க. வலதுபக்கம் திருகினா வெளிச்சம் குறைஞ்சா மட்டும்தான் மாத்தணும். சரியா இருந்தும் வளைவு ஒத்துவரலைன்னா கையில் இருக்கறது பி பாட்தான்.


வயர்_முனை:

ரொம்ப நன்றி, இரண்டு பேருக்கும். 7805 போச்சு, 12 வோல்ட் நேரா. கேட்டில் 100 ஓம், கேட்-சோர்ஸில் 10கே, 332 மைலார், ஏ100கே, அந்தக் கூடுதல் 1கே, 4-ஆம் காலை 8-இல், 5-இல் 103. எல்லாம் மாத்தினேன்.

டிரெயின்-சோர்ஸ் இப்ப 0.08. மாஸ்ஃபெட் வெதுவெதுப்பு கூட இல்லை. மொபைலில் பட்டை இல்லை. குமிழ் அழகா நகருது.

புதுசா இரண்டு. ஒண்ணு, வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் கொண்டுபோனா அகல் விளக்கு மாதிரி லேசா அலையுது. கொஞ்சம் கூட்டினா நின்னுடுது. இரண்டு, ஃபுல்லில் ஸ்ட்ரிப்பின் கடைசி ஒரு மீட்டர் கண்ணுக்கே மங்கலாத் தெரியுது. எஸ்எம்பிஎஸ் பரண் மேல, அங்கிருந்து 3 மீட்டர் ஒயர் வருது, 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்). சர்க்யூட் இன்னும் பிரெட்போர்டில்தான். அப்புறம் 1 சதவீதத்திலும் முழுசா அணையறதில்லையே, அதுக்கு வழி உண்டா?


ஓம்_விதி:

டயோடு திருத்தம் சரிதான் சோல்டர்_புகை, 0.693-ஐ அப்படியே போட்டுவிட்டேன்.

அலைவது ஏன் என்று கணக்கில் பாருங்கள். 3.8 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்று 262 மைக்ரோ செகண்டு. அதில் 1 சதவீதம் 2.6 மைக்ரோ செகண்டு. இந்தத் துடிப்பு 0.1 மைக்ரோ செகண்டு நீண்டாலோ குறுகினாலோ வெளிச்சம் 4 சதவீதம் மாறும். அதே 0.1 பாதி வெளிச்சத்தில் ஒன்றுமே இல்லை. அதனால்தான் அடியில் மட்டும் தெரிகிறது.

அந்த 0.1 எங்கிருந்து வருகிறது? 555-க்குள் மூன்று 5கே ரெசிஸ்டர் வரிசையாக நின்று சப்ளையை மூன்றாகப் பிரிக்கின்றன. கெப்பாசிட்டர் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் துடிப்பு முடியும். சப்ளை மெதுவாக ஏறி இறங்கினால் எல்லாம் சேர்ந்தே ஏறி இறங்கும், நேரம் மாறாது. ஆனால் துடிப்பு தொடங்கிய கணமே 4 ஆம்பியருக்கு மேல் பாய்கிறது. 3 மீட்டர் ஒயரில் வோல்டேஜ் சட்டென்று குழிகிறது. அந்தக் கணம் கெப்பாசிட்டர் தன் ஏற்றத்தில் இருக்கிறது, அதற்குக் குழி தெரியாது, எல்லைக்கோடு மட்டும் கீழே இறங்கிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் குழி ஒரே அளவாக இருந்தால் பரவாயில்லை. பிரெட்போர்டின் ஸ்பிரிங் தொடர்பில் அது ஒரே அளவாக இருக்காது.

ஐசியின் சப்ளையைப் பிரியுங்கள். 12 வோல்ட்டிலிருந்து 47 ஓம், அதன் பிறகு 470 மைக்ரோஃபாரட் 25 வோல்ட், அதோடு 8-ஆம் காலுக்கும் 1-ஆம் காலுக்கும் ஒட்டினாற்போல் ஒரு 104. 555-உம் 7-ஆம் காலின் 1கே-யும் சேர்ந்து 22 மில்லிஆம்பியர் இழுக்கும். 47 ஓமில் போவது 1 வோல்ட், கேட்டுக்கு இன்னும் 9-க்கு மேல் மிஞ்சும். கேட்டை நிரப்பும் பாய்ச்சல் அந்த 470-இலிருந்தே கிடைத்துவிடும்.

சோர்ஸ் கால் ஒயர் எஸ்எம்பிஎஸ் மைனஸுக்குத் தனியாகப் போக வேண்டும். இப்போது ஸ்ட்ரிப்பின் முழுக் கரண்டும் பிரெட்போர்டின் கிரவுண்டு வரிசை வழியாகப் போய்க்கொண்டிருக்கும். அதுவே 1-ஆம் காலின் கிரவுண்டும். ஒரு ஆம்பியருக்கு மேல் அந்த ஸ்பிரிங்குகளை நம்பக் கூடாது, பிளாஸ்டிக் உருகிப் போன பலகைகள் நிறையப் பார்க்கலாம். ஜெனரல் பர்ப்பஸ் பிசிபியில் ஏற்றி, டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் ஸ்க்ரூ டெர்மினல் போடுங்கள். அந்தத் தடங்கள் மேல் ஈயத்தைத் தடிப்பாக ஓட்டுங்கள், அல்லது வெறும் செம்புக் கம்பியை ஒட்டவையுங்கள்.


சோல்டர்_புகை:

கடைசி மீட்டர் மங்கறதுக்கு டிம்மர் காரணமில்லை. 1 ஸ்கொயர் செம்பு ஒயர் மீட்டருக்கு சுமார் 18 மில்லி ஓம். போக 3, வர 3, மொத்தம் 6 மீட்டர், 0.11 ஓம். 4.4 ஆம்பியரில் 0.47 வோல்ட் ஸ்ட்ரிப்பைத் தொடறதுக்கு முன்னாலயே காலி. ரெசிஸ்டருக்கு 3 வோல்ட்தான் மிஞ்சுதுன்னு மேல வந்ததே, அதில் ஆறில் ஒண்ணு. அதுக்கப்புறம் ஸ்ட்ரிப்புக்குள்ள இருக்கற மெல்லிய செம்புத் தகடு 5 மீட்டரும் தின்னுட்டுப் போகுது. 72 வாட்னு அட்டையில் இருந்தாலும் ஒரே முனையில் ஊட்டினா 6 ஆம்பியர் ஓடாததும் இதனாலதான்.

ஸ்ட்ரிப்பின் இரண்டு முனையிலும் ஊட்டுங்க. பிளஸ் இரண்டும் 12 வோல்ட்டுக்கு, மைனஸ் இரண்டும் டிரெயினுக்கு. பலர் இரண்டாவது முனையின் மைனஸை நேரா எஸ்எம்பிஎஸ்ஸில் கொண்டுபோய் வைப்பாங்க. அப்புறம் குமிழ் எப்படித் திருகினாலும் ஸ்ட்ரிப் ஃபுல்லில் எரியும், ஐசி போச்சுன்னு மாத்திட்டிருப்பாங்க. முதன்மை ஒயரை 1.5 ஸ்கொயர் ஆக்குங்க. இரண்டு முனை ஊட்டினதும் கரண்ட் கூடும், மாஸ்ஃபெட்டுக்கு 6 ஆம்பியரில் 0.63 வாட். மூடின பெட்டிக்குள்ள வெக்கப் போறீங்கன்னா அந்தச் சின்ன ஹீட்சிங்கைத் திரும்ப மாட்டிடுங்க.

முழுசா அணைக்க 4-ஆம் காலைப் பயன்படுத்துங்க. நேரா 8-இல் கட்டாம 10கே வழியா கட்டி, 4-இலிருந்து கிரவுண்டுக்கு ஒரு சின்ன சுவிட்ச். மூடினா 3-ஆம் கால் கீழே போய் மாஸ்ஃபெட் அணையும். மில்லிஆம்பியர்தான், எந்த சுவிட்சும் தாங்கும். சுவிட்ச் சேர்ந்த வால்யூம் பாட் கிடைச்சாலும் அதை 4-ஆம் காலில் போடாதீங்க, இடது கடைசியில் அந்த சுவிட்ச் திறக்கும், நமக்கு மூடணும். அதை ஐசியின் 12 வோல்ட் வழியில், 47 ஓமுக்கு முன்னால போடுங்க. ஐசிக்கு சப்ளை நின்னதும் கேட்டில் இருக்கற 10கே இழுத்து அணைச்சுடும். 470 மைக்ரோ காலியாகற வரை கொஞ்சம் மங்கி அணையும், பார்க்க நல்லாவே இருக்கும்.


வேறொருவர்_கேள்வி:

இடையில் ஒரு சந்தேகம். சிமாஸ் 555, டிஎல்சி555 கையில் இருக்கு. அது சப்ளை வரைக்கும் ஏறும்னு சொல்றாங்களே, அதைப் போட்டா 5 வோல்ட்லயே ஓட்டலாமா? அப்படியே 230 வோல்ட் எல்இடி பல்புக்கும் இதே சர்க்யூட் வருமா?


ஓம்_விதி:

சப்ளை வரை ஏறும், உண்மை. ஆனால் ஐஆர்எஃப்இசட்44என்-க்கு 5 வோல்ட்டும் உத்தரவாதமில்லை. மாஸ்ஃபெட்டையும் எல் வகைக்கு மாற்ற வேண்டும். இன்னொன்று, டிஎல்சி555 உள்ளிழுக்க 100 மில்லிஆம்பியர் தரும், வெளியே தள்ள 10 மட்டும். பழைய என்இ555 இரண்டு பக்கமும் 200. கேட்டின் மில்லர் பகுதிக்கு, அதாவது மாஸ்ஃபெட் திறந்து மாறும் கட்டத்துக்கு, 23 நானோகூலம் வரை மின்னூட்டம் வேண்டும். 10 மில்லிஆம்பியரில் அதற்கு மட்டும் 2.3 மைக்ரோ செகண்டு. உங்கள் முழுத் துடிப்பே 2.6 என்றால் அடி வெளிச்சம் காணாமல் போகும். இந்த வேலைக்குப் பழசே மேல். பேட்டரியில் ஓடும் சின்ன விளக்கு என்றால் டிஎல்சி போடலாம், பழைய ஐசி சும்மா நிற்கவே 10 மில்லிஆம்பியர் குடிக்கும்.

230 வோல்ட் பல்புக்கு வராது. அதற்குள் தனியாக டிரைவர் இருக்கிறது, அது துண்டு துண்டாக வரும் மின்சாரத்தைச் சரிசெய்யவே பார்க்கும். போதாததற்கு இந்தச் சர்க்யூட்டில் மெயினிலிருந்து பிரிப்பு எதுவும் இல்லை, குமிழைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும்.


வயர்_முனை:

பிசிபியில் ஏத்தியாச்சு. சோர்ஸ் தனி ஒயர், 47 ஓம், 470 மைக்ரோ. அலைவது நின்னுடுச்சு. இரண்டாவது முனைக்கு ஒயர் இழுக்க ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் வர்றார். மைனஸை டிரெயினில்தான் கட்டணும்னு சீட்டெழுதி சீலிங் ஓட்டை பக்கத்தில் ஒட்டி வெச்சிருக்கேன்.